யூவி விளக்கு மாட்டியும் பூஞ்சண வாடை போகவில்லையா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி அலுவலகம். திங்கள் காலை கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை அடிக்கும். மேசைகளுக்கு மேலே நீலமாய் ஒரு யூவி (புற ஊதா) விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். "ரெண்டு மாசமா மதியம் சாப்பிடப் போறப்பல்லாம் போட்டுட்டுத்தாண்ணே போறோம்" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. நான் ஏர்கோன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். தண்ணீர் வடியும் தட்டில் கருப்பாய் ஒரு படலம். விரல் வைத்தால் வழுக்கியது. விளக்கு ஓரிடம், பூஞ்சணம் வேறிடம்.

பலர் செய்யும் தவறு இதுதான். 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பூஞ்சணத்தின் டிஎன்ஏவைச் சிதைக்கும், உண்மை. ஆனால் கதிர் எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் படுகிறது என்பதே கணக்கு. பாக்டீரியா சீக்கிரம் சாகும். பூஞ்சண வித்துக்குத் தடித்த தோல். ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சணம் போன்றவற்றுக்குக் கருநிறமே குடை. காற்றோடு விருட்டென்று கடந்து போகும் வித்துக்கு அந்த வெளிச்சம் போதாது. ஏர்கோனுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளும் தட்டும் அப்படியல்ல, எங்கும் ஓடாது. அங்கே நாள் முழுக்கப் படும் மிதமான கதிரே பூஞ்சணத்தை வளரவிடாது. மாண்ட்ரியலில் 3 அலுவலகக் கட்டடங்களில், 771 ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. குளிரூட்டும் அமைப்புக்குள் கதிர் பட்ட பரப்புகளில் நுண்ணுயிர்கள் 99 விழுக்காடு குறைந்தன. ஊழியர்களின் உபாதைகளும் குறைந்தன.

சரி, சிலர் ஏர்கோனுக்கு உள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் மாலை 6 மணிக்கு ஏர்கோனோடு விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள்! ஈரச் சுருள் இருட்டில் கிடக்கும் அந்த இரவுதான் பூஞ்சணத்துக்கு விருந்து. விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

நீல ஒளி தெரிவதால் வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள். யூவி கண்ணுக்குத் தெரியாது. ஒளி இருக்கும்போதே அதன் வீரியம் குறைந்துவிடும். பாதரச விளக்குகளுக்குச் சுமார் 9,000 மணி நேரம்தான் கணக்கு. இடைவிடாமல் எரிந்தால் ஒரு வருடம். கண்ணாடியில் தூசி படிந்தால் அதற்கும் முன்பே.

ஆட்கள் இருக்கும் அறையில் மூடாத விளக்கு கூடவே கூடாது. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும்.

காற்றைச் சோதித்த ஆய்வக அறிக்கையிலும் ஏமாறலாம். மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஒரு கன மீட்டர் காற்றில் பூஞ்சணம் 1,000 சிஎஃப்யூவுக்குள் (வளர்த்துப் பார்த்து எண்ணும் அலகு) இருக்க வேண்டும். வளரக்கூடிய வித்துகளை மட்டுமே அந்த முறை எண்ணும். செத்த வித்தும் தும்மலைக் கிளப்பும். அதற்கு நல்ல ஃபில்டர்தான் வேண்டும்.

ஈரத்தை விட்டுவிட்டு விளக்கைப் பிடிப்பதிலும் பயனில்லை. கோலாலம்பூர் மழை மாலையில் ஜன்னலைத் திறந்துவைத்து, ஏர்கோனை 16 டிகிரியில் ஓடவிட்டால் சீலிங்கே வியர்க்கும். ஊறிப்போன ஜிப்சம் பலகையைக் கழற்றி எறிவதுதான் வழி.

அந்த அலுவலகத்தில் அடைத்திருந்த வடிகுழாயை ஊதி, தட்டின் சாய்வைச் சரிசெய்தோம். தொங்கிய விளக்கைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக் குளியலறையில மாட்டலாமா?" என்றார்.