சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பணம் கட்டும் முன்

சுற்றுச்சூழல், மேலாண்மை, மருத்துவம் என்று எல்லாத் துறையையும் ஒரே தலைப்பில் அடைத்து, ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே "ஏற்கப்பட்டது, கட்டணம் செலுத்துக" என்று மின்னஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் சான்றிதழ் விற்கிற கடைதான். விட்டுவிடுங்கள்.

நல்ல மாநாட்டில் தேர்வுக் குழுவில் யார் யார் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். சரி, சுருக்கத்தை "காலநிலை மாற்றம் உலகை அச்சுறுத்துகிறது" என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கே வருகிற எல்லோருக்கும் அது தெரியும். சென்னை பள்ளிக்கரணையில் நீர் மாதிரி எடுத்தீர்கள் என்றால் எந்த மாதங்களில், எத்தனை இடங்களில், என்ன கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். அது 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் என்பதற்கு ஒரு வரி போதும்.

ஆய்வை விளக்கி மாட்டுகிற போஸ்டரை ஏ0 அளவில் கேட்டால் 84.1-க்கு 118.9 செ.மீ. நெட்டுவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று கேட்டுவிட்டு அச்சடியுங்கள். துணியில் அடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் (பிளாஸ்டிக் மாசு பற்றிய ஆய்வை ஃபிளெக்ஸில் மாட்டிவிட்டு நிற்பது கொஞ்சம் சங்கடம்தான்).

அப்புறம், வேலை தேடுகிறவர்கள் தேநீர் இடைவேளையைத் தவறவிடக் கூடாது. மாநாட்டில் பேசியவரிடம் எடுத்த எடுப்பில் வேலை கேட்காமல், அவர் பேசியதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு வாரத்துக்குள் அதையே குறிப்பிட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.