உதகைப் பயணத்துக்குப் பணம் சேர்ப்பது எப்படி? குடும்ப நிதித் திட்டத்துக்கான முதல் பயிற்சி

நிதித் திட்டமிடல் என்றாலே ஓய்வூதியம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் மேற்படிப்பு என்று பெரிய தொகைகளில் தொடங்குவதால்தான் பலர் சில மாதங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஓராண்டில் முடிந்துவிடும், குறி தவறினாலும் குடும்பம் நிலைகுலையாத ஓர் இலக்கில் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மே மாதத்தில் நான்கு பேர் உதகமண்டலம் சென்று மூன்று நாள் தங்கித் திரும்புவது அதற்கு மிகவும் ஏற்றது.

படி 1: பணம் தேவைப்படும் நாளைக் குறியுங்கள்

பயண நாளும் பணம் தேவைப்படும் நாளும் ஒன்றல்ல. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் மேட்டுப்பாளையம் மலை ரயிலில் இடம் கிடைப்பது அரிது என்பதால், முன்பதிவு திறக்கும் நாளிலேயே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். விடுதிக்கு முன்பணமும் ஏறக்குறைய அப்போதே கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மே நடுவில் புறப்படுபவருக்கு மார்ச் முதல் வாரத்திலேயே தொகை கையில் இருக்க வேண்டும். கல்லூரிச் செலவும் இப்படித்தான்: சேர்க்கை நாளில் முதிராத வைப்புத்தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அன்றைக்கு உதவாது.

படி 2: செலவை இனம் பிரித்து எழுதுங்கள்

பயணம், அறை, சாப்பாடு, உள்ளூர் வண்டி, நுழைவுக் கட்டணம் என்று தனித்தனியே எழுதுங்கள். அறை வாடகையை "மே மாதத்துக்கு" என்று சொல்லியே விசாரியுங்கள். சீசன் வாடகை வேறு, மற்ற மாத வாடகை வேறு. சொந்த வண்டியில் செல்பவர்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், நீலகிரிக்குள் நுழைய இணையவழி அனுமதிச் சீட்டான இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் இல்லை. எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். நம் கணக்குக்கு மொத்தச் செலவு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: மாதத் தவணையாக்குங்கள்

முந்தைய ஆண்டு மார்ச்சில் வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கி, மாதம் 3,000 ரூபாய் கட்டுங்கள். வட்டி 6 விழுக்காடு என்றால் சுமார் 1,170 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். இதே 36,000 ரூபாயை 14 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாக வாங்கி ஓராண்டில் அடைத்தால், மாதத் தவணை சுமார் 3,232 ரூபாய். வட்டியாக மட்டும் 2,788 ரூபாய் போகும். முன்கூட்டிச் சேர்ப்பவருக்கும் பின்னால் அடைப்பவருக்கும் ஏறக்குறைய 4,000 ரூபாய் வேறுபாடு, பயணமோ ஒன்றுதான்.

அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுக் கணக்கு என்பதாலும், மூன்றாண்டு முடியாமல் அதை மூட முடியாது என்பதாலும் இந்த இலக்குக்கு அது பொருந்தாது. பதிவு செய்யப்படாத ஏலச்சீட்டில் குடும்பப் பணத்தைப் போடவே வேண்டாம்.

படி 4: அவசர நிதியைத் தனியே வையுங்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் படி இதுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் ஏறும் மேட்டுப்பாளையம் மலை ரயில், கனமழையில் மண் சரிந்தால் ரத்தாகும். ரயில்வேயே ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அது வந்து சேரச் சில நாள்கள் ஆகும். மேட்டுப்பாளையத்தில் நிற்கும் குடும்பத்துக்கு டாக்ஸி வாடகை அந்த நேரத்திலேயே வேண்டும். இழப்பு ஈடுசெய்யப்படும் என்பதற்கும் கையில் பணம் இருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை அடைப்பதே அவசர நிதியின் வேலை. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும், முதலில் தாமே கட்டிப் பின்னர் திரும்பப் பெறும் நிலை வரலாம். ஆகவே பயணச் செலவுக்கு மேல், அதில் 15 விழுக்காடான 5,400 ரூபாயை ஆர்.டி.யில் சேர்க்காமல் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். குடும்பத்துக்கும் இவ்வாறே ஆறு மாதச் செலவுத் தொகை எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும். வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் வாங்க இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அவற்றுக்குப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையை முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: திரும்பியதும் தவணையை நிறுத்தாதீர்கள்

திட்டமிட்ட செலவையும் உண்மைச் செலவையும் இனவாரியாக ஒப்பிட்டு எழுதிய பின், அதே 3,000 ரூபாயை மேற்படிப்புக்குத் திருப்புங்கள். செலவு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால், இன்று 5 லட்சம் ரூபாய் ஆகும் படிப்பு ஒன்பது ஆண்டுகளில் 10 லட்சத்தைத் தொடும். மாதம் 3,000 ரூபாய் 6 விழுக்காடு வட்டியில் அதே காலத்தில் சுமார் 4.28 லட்சம்தான் ஆகும். தவணையை ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர்த்தினால் ஏறக்குறைய 6.2 லட்சம் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்.டி.யில் பொதுவாகத் தவணையை மாற்ற முடியாது என்பதால், சம்பள உயர்வு வரும் மாதத்தில் கூடுதல் தொகைக்கென்று இன்னொரு ஆர்.டி. தொடங்குங்கள்.