பழைய வொர்க்ஸ்டேஷனில் டெபியன்: 4 டிபி டிஸ்க் பூட் ஆகாத கதை

கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ இல்லாத, அதற்கு முந்தைய பயாஸ் மட்டுமே உள்ள பழைய வொர்க்ஸ்டேஷன். 4 டிபி டிஸ்க்கில் டெபியன் லினக்ஸ் நிறுவல் பிழையே இல்லாமல் முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது.

டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர், 512 பைட் செக்டரில் 2 டிபியைத் தாண்டாது, அதனால் புதிய முறையான ஜிபிடிதான். டெபியனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரான கிரப்புக்குத் தேவையான 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷனும் இருந்தது. கிரப்பை மறுபடி போட்டேன், சாட்டா கேபிளை மாற்றினேன், பயாஸில் டிஸ்க் இணைப்பு முறையை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇ ஆக்கிப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. நாள்கள்தான் வீணாயின.

விஷயம் முதல் செக்டரில் இருந்தது. ஜிபிடி டிஸ்க்கிலும் அங்கே பழைய மென்பொருள்களுக்காக ஒரு பாதுகாப்பு எம்பிஆர் (பிஎம்பிஆர்) இருக்கும். அதன் பதிவில் பூட் குறி இல்லையென்றால் சில பழைய பயாஸ்கள் டிஸ்க்கையே கண்டுகொள்ளாது. பார்ட்டிஷன்களைக் காட்டும் எஃப்டிஸ்க் கருவியின் பட்டியலில் இது தெரியாது. இன்னொரு பார்ட்டிஷன் கருவியான பார்ட்டட்டில் பிரிண்ட் கொடுத்தால் வரும் 'டிஸ்க் ஃபிளாக்ஸ்' வரியைப் பாருங்கள், எனக்கு அது காலியாக இருந்தது. லைவ் யுஎஸ்பியிலிருந்து பார்ட்டட்டைத் திறந்து 'டிஸ்க்_செட் பிஎம்பிஆர்_பூட் ஆன்' கொடுத்தேன், அடுத்த ரீஸ்டார்ட்டில் கிரப் மெனு வந்துவிட்டது, அப்பாடா!

யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே அந்தக் குறி 0 ஆக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.