பழைய பேட்டர்னில் யானை தைக்கிறவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக்களில் கழித்துப்போட்ட பழைய இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டுகள் ஹட்டன் பக்கம் இன்னும் கைக்குக் கிடைக்கும். அதில் வரும் பொம்மைப் பேட்டர்னை நம்பி நேரே துணியில் கத்தரி வைக்காதீர்கள். படத்தில் யானை கம்பீரமாக நிற்கும். தைத்தால் நாலு காலையும் விரித்துப் படுத்துவிடும். என்னிடம் தையல் பழக வரும் பிள்ளைகள், "அக்கா, இதுக்குக் காய்ச்சலா?" என்று சிரிப்பார்கள்.

பேட்டர்ன் கட்டம் போட்டுச் சிறிதாக அச்சாகியிருந்தால் பெரும்பாலும் ஒரு கட்டம் ஒரு அங்குலம். பிரவுன் பேப்பரில் அங்குலக் கட்டம் கீறி, கட்டம் கட்டமாகப் பார்த்து வரையுங்கள். தையலுக்கு விட்ட இடம் சேர்ந்திருக்கிறதா என்று பல பேட்டர்னில் எழுதியிருக்காது. தும்பிக்கை நுனியை அளந்து பாருங்கள். அரை அங்குலம்தான் இருக்கிறதென்றால், இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனபின் மிச்சம் ஒன்றுமில்லை. அப்படியானால் சேர்க்கவில்லை, நீங்கள்தான் சுற்றிவர விட வேண்டும்.

அப்புறம்தான் பெரிய வேலை. பக்கவாட்டில் வரும் உடம்புத் துண்டின் காலும் அடியில் வரும் வயிற்றுத் துண்டின் காலும் ஒன்றோடொன்று சேர வேண்டியவை. டேப்பை விளிம்பில் நிறுத்தி, வளைவோடு வளைவாக, வெட்டும் கோட்டில் இல்லாமல் தைக்கும் கோட்டில் இரண்டையும் அளவுங்கள். கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் என்றால் குண்டூசி குத்தும்போதே பரவலாக இழுத்துச் சமாளிக்கலாம். அதைவிடக் கூடினால் வயிற்றுத் துண்டை முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே குறுக்காக வெட்டி, தாள் ஒட்டி நீட்டுங்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்றேற்றிக் குறையுங்கள். பாதத்துப் பக்கம் கை வைத்தால் கால்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறிப் போகும்.

கால் விரிவது வயிற்றுத் துண்டு அகலம் என்பதால். அதன் நடுவில் நீளவாக்கில், இரண்டு முனையும் ஒடுங்க ஒரு டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடியுங்கள், கால்கள் உள்ளே வரும். எவ்வளவு பிடிப்பது என்பதைப் பழைய சாரத்தில் (லுங்கியில்) ஒன்று தைத்து, துணித்துண்டு அடைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை.

இன்னொரு வில்லங்கம், 'உடம்பு இரண்டு' என்று மட்டும் போட்டிருக்கும். அந்தக் காலத்தில் ஃபெல்ட் துணியில்தான் நிறையத் தைத்தார்கள். ஜெர்மனியில் பொம்மைக் கம்பெனி தொடங்கிய மார்கரேத் ஸ்டைஃப் 1880இல் குண்டூசி குத்திவைக்க என்று தைத்து, பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்ட யானைகூட ஃபெல்ட்தான். ஃபெல்ட்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, வெட்டினபின் ஒன்றைத் திருப்பிக்கொள்ளலாம். நாம் நுவரெலியா பேல் பஜாரில் வாங்கின பழைய ஃப்ளீஸ் ஜாக்கெட்டை வெட்டும்போது ஒரு தாளைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டு இடதுபக்கம்தான் கிடைக்கும். ஃப்ளீஸ் இழுபடும் வேறு. இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரட்டும். காலின் நீளத்துக்குப் போனால் அடைக்க அடைக்க யானை ஒட்டகமாகிவிடும்.

அடைக்கக் குஷன் பஞ்சு போதும். பருத்திப் பஞ்சு நம்ம மழைக்குக் கழுவினால் உள்ளே காயாது. பாதத்தில் தொடங்கி, சின்னச் சின்னதாக, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தள்ளுங்கள்.

கண்ணுக்குப் பேட்டர்ன் காட்டும் இடத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. அடைத்து முடித்து, இரண்டு குண்டூசி குத்தி, தள்ளிவைத்துப் பார்த்து நகர்த்துங்கள். மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளைக்கென்றால் பொத்தான் வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். தைக்கும் முன் அந்தக் குண்டூசிகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.