ஓவிய ஆசிரியர் இல்லாத நடுநிலைப்பள்ளியில் ஓவிய வகுப்பு நடத்த

அரசு நடுநிலைப்பள்ளிகளின் கால அட்டவணையில் ஓவியப் பாடவேளை இருக்கும். வகுப்பில் பெரும்பாலும் கணக்குதான் நடக்கும். தேர்வு இல்லாததால் முதலில் பறிபோவது இந்தப் பாடம்தான். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. விலகிப்போனவர்களின் இடங்கள் பலவும் காலியாகக் கிடக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நடுநிலைப்பள்ளியில் மூன்றே ஆண்டுகள்தான். ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

வாரம் இரண்டு தனித்தனிப் பாடவேளைகள் வேண்டாம், சேர்த்து வாங்குங்கள். 40 நிமிடத்தில் பாதி, பொருளைக் கொடுத்து வாங்குவதிலேயே கரைந்துவிடும். மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டும் கிடைத்தால் நல்லது, இடைவேளையிலேயே எல்லாவற்றையும் எடுத்துவைக்கலாம்.

40 பிள்ளைகளுக்குப் பத்து சார்ட் தாள் போதும், ஒன்றை நான்காக வெட்டிக்கொள்ளலாம். நோட்டுத்தாளில் ஈர வண்ணம் போட்டால் சுருங்கிக் கிழியும்.

வரையக் கரிக்குச்சியே சிறந்தது. துணியில் வரையும் கலம்காரி ஓவியர்கள் கோடு போடப் புளியங்குச்சிக் கரியைத்தான் வைத்திருக்கிறார்கள். பென்சில் பருமனில் காய்ந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, பால்பவுடர் டின்னில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு மூடி, விறகுத் தீயில் வையுங்கள். ஓட்டை வழியே வெள்ளைப் புகை வரும். அது அடங்கியதும், சுமார் ஒரு மணி நேரத்தில், எடுத்துவிடலாம். சூட்டோடு திறக்காதீர்கள், காற்றுப் பட்டதும் உள்ளே பற்றிக்கொண்டு எல்லாம் சாம்பலாகும். மறுநாள் திறந்தால் போதும். குச்சியின் நடு பழுப்பாக இருந்தால் வேகவில்லை என்று பொருள், தாளைக் கீறும். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

வண்ணத்துக்குச் செம்மண். மெல்லிய துணியில் சலித்த மண் இரண்டு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு. தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர். பசை குறைந்தால் காய்ந்தபின் தூளாக உதிரும், கூடினால் பளபளத்து வெடிக்கும். மஞ்சள்தூளும் சேரும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டும் படத்துக்கு உதவாது. தூரிகைக்கு, நுனி நசுக்கிய வேப்பங்குச்சி.

கரும்பலகையில் மலையும் சூரியனும் வரைந்து, அதைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். வகுப்பின் நடுவில் முறம், செம்பு, பழைய செருப்பு என ஒன்றை வையுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் வரையக்கூடாது, பார்க்க வேண்டும். செம்பின் வாய் வட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு வரையட்டும். உருவம் தாளின் மூன்று ஓரத்தையாவது தொட வேண்டும் என்று சொல்லிவிட்டால், மூலையில் சிறிதாக வரையும் பழக்கம் போய்விடும். ரப்பர் வேண்டாம். பிள்ளையின் தாளில் நீங்கள் கை வைக்கவே வைக்காதீர்கள். ஒருமுறை திருத்திவிட்டால் அடுத்த வாரம் முதல் கோட்டுக்கே உங்களை எதிர்பார்க்கும்.

2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்கு நாலு பேரைத் தயார்செய்வது நல்லதுதான். அந்த நாலு பேருக்காக மற்ற 36 பேரின் வகுப்பை நிறுத்துவது தவறு.

ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று கேட்பதையும் விடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கே தீர்மானம் போடுங்கள். ‘கலையை வளர்க்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். மாணவர் எண்ணிக்கை, பணியிடம் காலியான தேதி, சட்டப் பிரிவு மூன்றையும் எழுதி, கால அட்டவணை நகலை இணைத்து, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.