பாதிப் பேருக்குப் பழைய தளம்

கிண்டியில் ஒருவர் நடத்திவந்த சின்ன ஹோஸ்டிங் தொழிலை (இணையதளங்களைச் சர்வரில் வைத்துத் தரும் வேலை) வாங்கி, தளங்களை என் சர்வருக்கு மாற்றினேன். அப்புறம்தான் வினோதம்: தி.நகர் புடவைக் கடைக்காரருக்கு மொபைலில் புது விலை, கடைக் கணினியில் பழைய விலை. மெயிலும் பாதி வரவில்லை.

பிரவுசர் கேஷை அழித்தேன், டிடிஎல்லை (தள முகவரியைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்தேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம். தளத்தின் முகவரிகளை எழுதிவைக்கும் ஸோன் ஃபைலில் எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியில் முகவரியை விசாரிக்கும் டிக் கட்டளையால், .காம் பெயர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் .காம் சர்வரிடமே கேட்டேன். தள முகவரியைச் சொல்லும் என் இரண்டு நேம்சர்வர்களில் இரண்டாவதற்கு அங்கே இன்னும் பழைய ஐபி முகவரி! குளூ ரெக்கார்டு எனப்படும் அந்தக் குறிப்பை, டொமைன் பெயரைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ராரிடம்தான் மாற்ற முடியும். பழைய சர்வரையும் யாரும் அணைக்கவில்லை; தன்னிடம் கேட்டவர்களுக்கு அது பாட்டுக்குப் பழைய பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ரெஜிஸ்ட்ரார் கணக்கோ விற்றவரின் சொந்த மெயிலில். ஒப்பந்தத்தில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவரை உட்காரவைத்து ஐபியை மாற்றி, கணக்கையும் என் பெயருக்கு வாங்கினேன். .காம் குளூவின் டிடிஎல் 2 நாள். அது கழிந்ததும் கடைக்காரர் போன் வரவில்லை.