ஒட்டிப்போன தாடை மூட்டு: ஆபரேஷனும் அதன்பின் வாய் திறக்கும் பயிற்சியும்

சின்ன வயதில் முகவாய் அடிபட விழுந்தது, கவனிக்காமல் விட்ட காதுச் சீழ் என்று ஏதோ ஒன்றால் தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி, வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லையா? மருந்தால் இது திறக்காது, ஆபரேஷன்தான் வழி.

முதலில் சிடி ஸ்கேன், எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்று அதில்தான் தெரியும். குழந்தை தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வாய் திறக்காதவருக்கு மயக்கம் கொடுப்பதே பெரிய வேலை, மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட வேண்டியிருக்கும். அதில் பழக்கமுள்ள மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து இடைவெளி உண்டாக்குவார்கள். அதைக் காலியாக விட்டால் ரத்தம் கட்டி மறுபடி எலும்பு முளைக்கலாம். அதனால்தான் நடுவில் நம் உடம்புத் திசுவையே வைக்கிறார்கள், நெற்றிப்பொட்டுத் தசையின் உறையோ அடிவயிற்றுக் கொழுப்போ. வளரும் பிள்ளைகளுக்கு விலா எலும்பைக் குருத்தெலும்போடு பொருத்துவதும் உண்டு. அது கூடவே வளரும், ஆனால் சிலருக்கு அளவு மீறியும் வளர்ந்துவிடும், இதைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். 1990-ல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் கேபனின் குழுவினர் வகுத்த முறையில், ஆபரேஷன் மேசையிலேயே வாய் 35 மில்லிமீட்டர் திறக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சரி, இனிதான் உங்கள் வேலை. திசு வைத்தாயிற்று என்று பயிற்சியை விட்டால் மூட்டு திரும்ப இறுகிவிடும், இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள்ளேயே, தொடங்குங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்து, நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டை மரக்குச்சிகளை அடுக்கிப் பின்பற்களுக்கு நடுவே வையுங்கள். முன்பல்லில் வைத்து நெம்பினால் பல் ஆடிவிடும். எச்சில் வழியும், கண்ணில் நீர் வரும், பிள்ளை போதும் என்று கையைத் தட்டிவிடும். கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் நடுவில் இன்னொரு குச்சியை மெதுவாகச் செருகுங்கள். ஒரு நாளில் பல முறை, குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம்.

புருவம் தூக்க வரவில்லையா? காதருகே ஓடும் முக நரம்பு இழுபட்டிருக்கலாம், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், ஆனாலும் காட்டிவிடுங்கள்.

வாரம் ஒரு தடவை மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ்ப்பல் நுனிவரை ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதுங்கள். 33 மில்லிமீட்டர் இருந்தது 30 ஆகிவிட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.